சாட்பாட் வாங்கலாமா? சாட்ஸ்வொர்த் கடைக்காரருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் மாமனார் தொடங்கிய மசாலா, பருப்பு, பூசைப் பொருள் கடை இப்போது இரண்டு இடத்தில் நடக்கிறது. இரண்டும் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை ஒட்டியவை: ஒன்று சாட்ஸ்வொர்த்தில், ஒன்று ஃபீனிக்ஸில். போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை, வாட்ஸப்பில் கேட்டால் பதில் வருவதில்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்படுகிறார்கள். இந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, வாடிக்கையாளர் கேள்விக்குத் தானாகவே பதில் எழுதும் ஏஐ சாட்பாட், வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருள், கடை பெயரில் ஒரு ஆப், மூன்றையும் சேர்த்து மாதச் சந்தாவுக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “போன புரட்டாசியில் பழைய குடும்பங்கள் சில வேறு கடைக்குப் போய்விட்டன.” நீங்கள் உண்மையில் கேட்பது அதைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்த மென்பொருள் நல்லது என்பது அதற்குப் பிறகு வரும் விஷயம்.

என் பின்னணி என்னவென்றால், அம்லாங்கா பக்கம் கால் சென்டர்களில் எத்தனை அழைப்பு வரும், அதற்கு எத்தனை பேரை எந்த ஷிப்டில் உட்கார வைப்பது என்று கணக்குப் போடும் வேலையில் பல வருடம் இருந்தேன். இப்போது டர்பனைச் சுற்றியுள்ள சின்னக் கடைகளுக்கு இந்த ஏற்பாடுகளைச் செய்து தருகிறேன். எனவே போன், வாட்ஸப், வரிசை, காத்திருப்பு பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். சட்டம் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்வேன். அது என் தொழில் அல்ல, ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. இரண்டு கடையிலும் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு வாரம் வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும், வாட்ஸப் கேள்விக்கும் ஒரு வரி: எத்தனை மணிக்கு வந்தது, என்ன கேட்டார்கள், அதே இடத்தில் முடிந்ததா, இல்லை “திருப்பிக் கூப்பிடுகிறோம்” என்று சொன்னோமா. அவ்வளவுதான். எடுக்காமல் விட்ட அழைப்புகளைப் போனின் கால் லாகிலிருந்து சாயங்காலம் எண்ணிச் சேர்த்துவிடலாம். உங்களுடையது போன்ற கடைகளில் இந்த நோட்டைப் பிரித்தால் பெரும்பாலும் நாலைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். எத்தனை மணி வரை திறந்திருப்பீர்கள், இன்ன பொருள் வந்துவிட்டதா, என் ஆர்டர் தயாரா, நான் கட்டிய பணம் வந்து சேர்ந்ததா. புகார் என்று உருப்படியாக வருவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம், நாம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் வந்தே இருக்காத அழைப்புகள்.

இது ஏன் முக்கியம் என்று கணக்காகவே காட்டுகிறேன், ஏனென்றால் விற்பனையாளர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க்காரர் 1917-இல் வெளியிட்ட சூத்திரங்கள்தான் இன்றைக்கும் கால் சென்டர்களில் ஆள் கணக்குக்கு அடிப்படை. உங்கள் கடைக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு அழைப்பைப் பேசி முடித்துக் குறித்து வைக்கச் சராசரியாக 3 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடையிலும் போன் எடுக்க ஒரே ஆள். மணிக்கு 15 அழைப்பு. அந்த ஆள் 45 நிமிடம் பேசுகிறார், 15 நிமிடம் சும்மா இருக்கிறார். பார்க்கிற முதலாளிக்கு “நேரம் இருக்கிறதே, ஏன் எடுக்கவில்லை?” என்றுதான் தோன்றும். ஆனால் அழைப்புகள் சீராக நாலு நிமிடத்துக்கு ஒன்றாக வருவதில்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டு மூன்று சேர்ந்து வரும். அதனால் கூப்பிடுகிறவர் சராசரியாகக் காத்திருக்க வேண்டிய நேரம் 9 நிமிடம். யாரும் ஒன்பது நிமிடம் காத்திருக்க மாட்டார்கள். வைத்துவிட்டு மறுபடி அடிப்பார்கள், இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவார்கள்.

இப்போது இரண்டு கடைக்கும் ஒரே எண் என்று வையுங்கள். சாட்ஸ்வொர்த்தில் ஆள் பேசிக்கொண்டிருந்தால் ஃபீனிக்ஸில் மணி அடிக்கும். அதே இரண்டு ஆள், அதே சம்பளம், மொத்தம் மணிக்கு 30 அழைப்பு. சராசரிக் காத்திருப்பு 4 நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். புரட்டாசி நெருங்கி அழைப்பு மணிக்கு 36 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடியது ஆறே அழைப்பு. காத்திருப்போ ஏறக்குறைய 13 நிமிடம். தனித்தனி எண்ணாக இருந்தால் அதே அளவு கூட்டத்துக்கு 27 நிமிடம். உங்கள் பழைய குடும்பங்கள் ஏன் போனார்கள் என்பதற்கு விடை இந்த எண்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கூட்டம் கொஞ்சம் கூடும்போது காத்திருப்பும் கொஞ்சம்தான் கூடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆள் முழு நேரமும் பேசிக்கொண்டிருக்கும் எல்லையை நெருங்க நெருங்க அது தாறுமாறாக ஏறும்.

அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 அழைப்பில் மூன்றில் ஒரு பங்கு “என் ஆர்டர் தயாரா” என்பதாக இருந்து, அதை நீங்களே முந்திக்கொண்டு ஒரு குறுஞ்செய்தியில் சொல்லிவிட்டால், மீதம் 20 அழைப்பு. இரண்டு ஆளுக்குச் சராசரிக் காத்திருப்பு 1 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு அழைப்பைக் குறைத்தால் காத்திருப்பு கால்வாசியாகிவிடுகிறது. இந்தச் சூத்திரம் யாருமே இடையில் போனை வைக்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறது; நிஜத்தில் வைத்துவிடுவார்கள், அதனால் உண்மையான நிமிடங்கள் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆனால் வைத்தவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள், அது அழைப்பு எண்ணிக்கையை ஏற்றும். எண்கள் முன்னே பின்னே இருக்கலாம், போகிற திசையில் சந்தேகம் இல்லை.

ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டிய தொழில்நுட்பம் இரண்டே. ஒன்று, இரண்டு கடைக்கும் பொதுவான, 031 என்று தொடங்கும் டர்பன் பகுதி எண், இணையம் வழியாக இயங்குவது. இங்கே பல நிறுவனங்கள் தருகின்றன. இரண்டு கடையிலும் ஒலிக்க வேண்டும், எடுக்காத அழைப்புகளைப் பட்டியலாகக் காட்ட வேண்டும், அதற்கு மேல் அதில் எதுவும் தேவையில்லை. மின்சாரம் போனால் ஃபைபர் ரவுட்டரும் போகும், எனவே ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி யுபிஎஸ், இணையம் விழுந்தால் அழைப்பு தானாக ஒரு செல்போனுக்குப் போகிற ஏற்பாடு. லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு 2023-இல் இருந்த மாதிரி இன்று இல்லைதான். இருந்தாலும் அது திரும்பி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது, வாட்ஸப் பிசினஸ். சாதாரண வாட்ஸப் அல்ல, வியாபாரத்துக்கென்று இருக்கும் இலவச ஆப். இப்போது உங்களிடம் மாமனார் போனில் ஒரு எண், மைத்துனர் போனில் ஒரு எண் என்று இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள். கடைக்கென்று ஒரு எண், ஒரு போன். அந்தப் போனோடு இன்னும் நாலு கருவிகளை இணைக்கலாம், ஆகவே ஃபீனிக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலும் அதே உரையாடல் தெரியும். அதில் லேபிள் என்று ஒரு வசதி உண்டு. நாலு லேபிள் போதும்: புது ஆர்டர், பணம் வரவில்லை, பார்சல் தயார், புகார். ஆர்டர் எந்த நிலைக்கு வருகிறதோ அந்த லேபிளுக்கு மாற்றிவிடுங்கள். சாயங்காலம் கடை அடைக்கும் முன் “புகார்” லேபிளைத் திறந்து பார்க்கிற பொறுப்பு ஒருவருடையது, பெயர் சொல்லி ஒருவருடையது. இந்த ஒன்றைச் செய்யாத கடையில் எந்த மென்பொருளைப் போட்டாலும் புகார் அதற்குள்ளேயே கிடந்து ஊறும்.

பார்சல் தயாரானதும் போகிற செய்தியையும் சரியாக எழுத வேண்டும். “உங்கள் ஆர்டர் தயாராகிக்கொண்டிருக்கிறது” என்பது செய்தியே இல்லை. அதைப் படித்தவர் உடனே போன் செய்வார். “கட்டிக் கற்பூரம் இன்னும் வரவில்லை, வியாழன் வரும். மற்றது எல்லாம் கட்டியாகிவிட்டது, மொத்தம் 640 ரேண்ட். இன்று 5 மணி வரை சாட்ஸ்வொர்த் கடையில் வாங்கலாம்.” இது செய்தி. எது இல்லை, எப்போது வரும், எவ்வளவு, எங்கே, எத்தனை மணி வரை. படித்தவருக்குத் திரும்பக் கேட்க ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது. உங்கள் வாடிக்கையாளருக்கு எது பழக்கமோ அந்த மொழியில் எழுதுங்கள். பாதிப் பேருக்கு ஆங்கிலம், ஃபீனிக்ஸ் பக்கம் சிலருக்கு சூலு, தமிழில் படிக்கிறவர்கள் சொற்பம். இந்த வாசகங்களை முன்கூட்டியே எழுதி ‘குயிக் ரிப்ளை’யில் சேமித்து வைத்தால் கவுன்ட்டரில் நிற்கிற பிள்ளை ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம், இந்த நாட்டுக்கே உரியது. ‘ப்ளீஸ் கால் மீ’ என்ற இலவசச் செய்தி இங்கே 2001-இலிருந்து இருக்கிறது. போனில் காசில்லாதவர்கள் அனுப்புவது. ஒரு கடையில் கவுன்ட்டரில் இருந்த பெண் அந்தச் செய்திகளை எல்லாம் விளம்பரம் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எடுத்துப் படித்தால் அத்தனையும் வயதானவர்களின் எண்கள், சில எண்கள் ஒரே வாரத்தில் மூன்று தடவை. அவர்கள் புகார் எழுதிப் போட மாட்டார்கள், இணையத்தில் நட்சத்திரம் குறைத்துக் கொடுக்க மாட்டார்கள், ஒரு நாள் வராமல் போய்விடுவார்கள். உங்கள் கடையிலும் அந்தச் செய்தி வந்தால் அதை எடுக்காத அழைப்பு என்றே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் பணம். இங்கே எல்லோரும் பிஓபி (பணம் கட்டியதற்கான அத்தாட்சி) என்று சொல்லும் ஸ்கிரீன்ஷாட்தான் பல சண்டைகளுக்கு மூலம். வாடிக்கையாளர் வங்கி வழியாகக் கட்டிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். வேறு வங்கியாக இருந்தால் பணம் உங்கள் கணக்கில் தெரிய ஒன்றிரண்டு வேலை நாள் ஆகலாம். போலி ஸ்கிரீன்ஷாட்டும் நிறைய உலவுகிறது, அதனால் பணம் கண்ணில் தெரியாமல் பொருளைக் கொடுக்க உங்களுக்குப் பயம். கட்டிவிட்டேனே என்று அவருக்குக் கோபம். இரண்டு பேரும் நியாயமானவர்கள். 2023 மார்ச்சில் வந்த பேஷாப் என்ற வங்கிகளின் உடனடிப் பணப்பரிமாற்ற வசதி இதைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது: செல்போன் எண்ணை வைத்தே அனுப்பலாம், பணம் உடனே வந்து சேரும். கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும், உங்கள் வங்கியில் கேளுங்கள். வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்துவது என்றால் சாட்பாட்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இது கணக்கிலேயே வராது. ஆனால் “பணம் வந்ததா” என்ற அழைப்புகள் குறைவதைவிட உங்கள் கடைப்பிள்ளைகளுக்குப் பெரிய நிம்மதி வேறு எதுவும் இருக்காது.

கூகுள் மேப்பில் கடையின் நேரத்தைச் சரிபாருங்கள், இதற்கு அரை மணி நேரம் போதும். தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை, ஆனால் நீங்கள் அடைத்திருப்பீர்கள். ஈஸ்டர் சமயம் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் ஃபீனிக்ஸில் கடை திறந்திருக்கிறதா என்று போனில்தான் பார்ப்பார்கள். விசேஷ நாள் நேரத்தைத் தனியாகப் போட அதில் இடம் இருக்கிறது.

இனி அந்த ஆப். வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர்களில் பலர் வாட்ஸப்புக்கு மட்டும் டேட்டா பண்டில் வாங்குகிறவர்கள். அவர்களால் நீங்கள் அனுப்புகிற இணைப்பைக்கூடத் திறக்க முடியாது, ஆப்பை எங்கே இறக்கப் போகிறார்கள்? பொருள் பட்டியலை வாட்ஸப் பிசினஸ் கேட்டலாகிலேயே போட்டுவிடலாம். அதிலும் எல்லாப் பொருளையும் போடாதீர்கள்; எது எப்போதும் ஸ்டாக்கில் இருக்குமோ அதை மட்டும் போடுங்கள். “இருக்கிறது” என்று காட்டிவிட்டு வந்த பிறகு “இல்லை” என்பதுதான் மிக மோசமான சேவை. பில்லிங் மெஷினில் இருக்கும் ஸ்டாக்கும் அலமாரியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று ஒரு இருபது பொருளை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஆன்லைன் விற்பனை பற்றி இப்போதைக்குப் பேசவே வேண்டாம்.

சாட்பாட்டுக்கு வருகிறேன். அதை அடியோடு ஒதுக்குகிறவன் இல்லை நான். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரிக் கேள்வி வருகிற இடத்தில் அது நன்றாக வேலை செய்கிறது, நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அளவுக்கு அது லாபமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். திறக்கும் நேரம், முகவரி, வங்கி விவரம் ஆகிய மூன்றையும் சொல்ல ஏஐ தேவையில்லை. இலவச ஆப்பின் தானியங்கிச் செய்தியும் குயிக் ரிப்ளையும் சொல்லிவிடும். அதற்கு மேல் உள்ள கேள்விக்கு ஸ்டாக் தெரிய வேண்டும், ஆர்டர் நிலை தெரிய வேண்டும். அந்த விவரம் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாதபோது பாட் எங்கிருந்து எடுக்கும்? தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லும். அப்படிச் சொன்னால் பொறுப்பு யாருடையது என்பதற்குக் கனடாவில் ஒரு தீர்ப்பு உண்டு. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம், ஏர் கனடாவின் சாட்பாட் துக்கத்துக்குப் போகிற பயணிக்கான கட்டணச் சலுகையைப் பற்றித் தவறாகச் சொன்னதற்கு விமான நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி நஷ்டஈடு கொடுக்க வைத்தது. பாட் தனி ஆள் மாதிரி என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அது கனடாத் தீர்ப்பு, இங்கே எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் கடைப் பெயரில் பேசுகிற ஒன்று சொன்ன விலையை “அது நான் சொல்லவில்லை” என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

விற்பனையாளர் சொல்லாமல் விடக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. பாட் இயங்க வேண்டுமென்றால் உங்கள் எண்ணை வாட்ஸப்பின் பெரிய நிறுவனங்களுக்கான தளத்தில் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு விதி: வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் நீங்கள் விருப்பப்படி பதில் எழுதலாம். அதற்குப் பிறகு வாட்ஸப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் முன்கூட்டியே ஒப்புதல் தந்த வாசகத்தைத்தான், காசு கொடுத்து, அனுப்ப முடியும். சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் கேட்கிறார், நீங்கள் திங்கள் காலையில் பார்க்கிறீர்கள், அந்த நேரம் முடிந்துபோயிருக்கும். கடைப்பிள்ளை சாதாரணமாக ஒரு வரி பதில் எழுத முடியாமல் திணறுவார். இலவச ஆப்பில் இந்தத் தொல்லை இல்லை.

வாடிக்கையாளர் விவர மென்பொருள் கெட்டது இல்லை, அவசரம் இல்லை. லேபிளும் நோட்டும் போதாது என்று உங்களுக்கே தெரிகிற ஒரு கட்டம் வரும். கல்யாண ஆர்டர், கோயில் ஆர்டர் என்று மாதக்கணக்கில் நினைவு வைக்க வேண்டியவை பெருகும்போது. அப்போது வாங்கலாம்.

அளப்பது பற்றி ஒன்று. எடுக்காத அழைப்பு எத்தனை, ஒரே விஷயத்துக்கு ஒரு வாரத்துக்குள் மறுபடி கூப்பிட்டவர் எத்தனை பேர், சொன்ன நாளில் கொடுத்தோமா. இந்த மூன்றைப் பாருங்கள். ஒரு அழைப்புக்கு எத்தனை நிமிடம் என்பதைப் பிள்ளைகளிடம் பேசவே பேசாதீர்கள். கால் சென்டரில் அந்த எண்ணைப் பிடித்து நெருக்கினால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரியும்: பாதியில் முடித்துவிடுவார்கள், அதே ஆள் மறுநாள் கூப்பிடுவார், கணக்கில் மட்டும் எல்லாம் அழகாக இருக்கும். கடைக்குள் நிற்கிறவரா, போனில் இருப்பவரா, யாரை முதலில் கவனிப்பது என்றும் பிள்ளைகள் குழம்புவார்கள். என் கருத்து, வந்து நிற்கிறவர். ஆனால் புரட்டாசியிலிருந்து தீபாவளி வரை போனைக் கவுன்ட்டரிலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள், அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு ஆள் அதற்கே. குடும்பத்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. பழைய வாடிக்கையாளரின் குரலே அவர்களுக்குத் தெரியும்.

சந்தேகமானதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு புகாரை நன்றாகத் தீர்த்துவைத்தால் அந்த வாடிக்கையாளர் முன்னைவிட விசுவாசமாகிவிடுவார் என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். ஆய்வுகள் இதில் ஒரே மாதிரி முடிவு சொல்லவில்லை. சிலதில் அப்படி, சிலதில் தவறே நடக்காதவர்தான் அதிகத் திருப்தியோடு இருக்கிறார். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். “எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பத்துக்கு எத்தனை?” என்று கேட்டு மதிப்பெண் போடுகிற முறை 2003-இலிருந்து உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது, ஆனால் அது வியாபார வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு மசாலாக் கடை அதைக் கேட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள். “கேட்டது எல்லாம் கிடைத்ததா?” என்று பில் போடும்போது கேளுங்கள், இல்லை என்று சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றி எனக்குத் தெரிந்த அளவு. போப்பியா என்று நாம் சொல்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது, முழுதாக அமலுக்கு வந்தது 2021 ஜூலை 1. வாடிக்கையாளர் எண்ணை வைத்திருக்கும் எந்தக் கடையும் அதற்குள் வரும். தகவல் அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும். தனியாக யாரையும் நியமிக்கவில்லை என்றால் முதலாளியே அவர். அவரைத் தகவல் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். ஆர்டர் தயார் என்ற செய்தி அனுப்புவதில் சிக்கல் இல்லை. தீபாவளித் தள்ளுபடி என்று எல்லா எண்ணுக்கும் அனுப்புவது வேறு கதை: 69-ஆம் பிரிவுப்படி அவர் சம்மதித்திருக்க வேண்டும், அல்லது உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவராக, அதே வகைப் பொருளைப் பற்றியதாக, ஒவ்வொரு செய்தியிலும் “வேண்டாம்” என்று சொல்ல வழி வைத்ததாக இருக்க வேண்டும். விற்பனையாளர் தனியாக ஒரு ‘எண் பட்டியல்’ தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். இன்னொன்று, தானியங்கிச் செய்தியில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று எழுதும் பழக்கம். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை 6 மாதத்துக்குள் கொண்டுவந்தால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளர். மிக்ஸி, மின்விளக்கு எல்லாம் விற்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்; அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் அந்தச் சந்தாவை எடுப்பது என்று முடிவு செய்தால், கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸப் எண்ணும் 031 எண்ணும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அவர்கள் பெயரில் அல்ல. விலகும்போது உரையாடல்களும் வாடிக்கையாளர் பட்டியலும் நீங்கள் திறந்து படிக்கக்கூடிய ஃபைலாகக் கையில் வர வேண்டும். பாட் பேசுகிறபோது “ஆளிடம் பேச வேண்டும்” என்று எழுதினால் அடுத்த செய்தியிலேயே ஆளுக்குப் போக வேண்டும். இதை வாங்கும் முன் நீங்களே உங்கள் போனிலிருந்து, முடிந்தால் மாமியார் போனிலிருந்தும், எழுதிப் பாருங்கள். அவர்கள் கேட்பது 24 மாத ஒப்பந்தமாக இருந்தால் இன்னும் கவனம். 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து இடையில் விலகலாம் என்று நுகர்வோர் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் அது கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. உங்கள் கடை கம்பெனியாகவோ சிசியாகவோ (குளோஸ் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவன வகை) கூட்டு வியாபாரமாகவோ பதிவாகியிருந்தால் அந்த வழி உங்களுக்கு இல்லை. விலகும் நிபந்தனையை நீங்களே பேசி ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். மாதா மாதம் நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தால் மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாம், அதுவும் தீபாவளி முடிந்த பிறகு. கூட்டத்தின் நடுவில் புது ஏற்பாட்டைத் தொடங்காதீர்கள்.